மடியில் ஒரு மாடி

சக்கர நாற்காலிக்கு வேலைக்காரர் வாசல்தான் வசதி என்றார்கள்.
கரி மூட்டையும் பால் வாளியும்
முந்நூறு ஆண்டுகள் நுழைந்த வழி.
சரிவுப் பலகையில் என்னைத் தள்ளி ஏற்றுகையில்
டெஸ்மண்டுக்கு மூச்சு வாங்கியது.
நான் கொஞ்சம் கரியாகவும் கொஞ்சம் பாலாகவும்
ஹால்ஸ்மியர் மாளிகைக்குள் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே பகலிலும் அந்தி.
வெயில் பட்டால் பட்டு நரைத்துவிடுமாம்.
அறைக்கு அறை வெளிச்சத்துக்கு ரேஷன்.
"இந்த அறை ஜூலையிலேயே
இந்த வருஷப் பங்கைத் தின்றுவிட்டது" என்று
பெரில் டாப்ஸ்காட் டார்ச்சைச் சுவரில் ஓட்டினார்.
ஒரு பிரபுவின் மூக்கு தெரிந்தது.
பிறகு அவர் நாயின் மூக்கு.

பதினான்கு நாற்காலிகள்.
ஒவ்வொன்றின் மெத்தையிலும் ஒரு பைன் கூம்பு.
உட்காராதே என்று எழுதி வைத்தால் மரியாதைக் குறைவு;
முள்ளைக் காட்டினால் போதும்.
நல்ல வேளை,
நான் என் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

அப்புறம் படிக்கட்டு.
ஓக் மரம். நாற்பத்தோரு படி.
லிஃப்ட் வைத்தால் வரலாறு கெட்டுவிடும்.
"போய்ப் பார்த்து வந்து சொல்கிறேன், ரோவீனா."

ஒன்பது வருஷமாக இதே வாக்கியம்.
தேவாலய மணிக்கூண்டு, கோட்டைக் கொத்தளம்,
மகள் வீட்டு மாடியில் பேரனின் புது அறை,
லைட்ஹவுஸ் உச்சி, அங்கிருந்து தெரிந்த திமிங்கிலம்:
எல்லாமே எனக்கு அவர் வாயால் வந்தவை.

பெரில் என் மடியில் ஓர் ஆல்பத்தை வைத்தார்.
"மாடி முழுக்க இதில் இருக்கிறது."
பிளாஸ்டிக் உறை.
ஓரத்தில் யாரோ ஒருவரின் ஜாம் விரல்.

தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது.
அவருடைய நடைதான், இடது கால் சற்று இழுக்கும்.
சத்தம் போன திசையில் நானும் பக்கம் புரட்டினேன்.
அவர் சீமாட்டியின் படுக்கையறையில்; நானும்.
அவர் குளியல் தொட்டியருகே; நானும்.
கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது
மேலே காலடி நின்றது, சட்டென்று திரும்பியது.

நான் திரும்பவில்லை.

நீல அறை.
சீனத்திலிருந்து கப்பலில் வந்த சுவர்க்காகிதம்,
சுவர் முழுதும் மூங்கில், மூங்கில் முழுதும் பறவை.
ஒட்டியவன் ஒரு பறவையைத் தலைகீழாக ஒட்டிவிட்டான்.
காகிதங்கள் சேராத இடுக்கில்
பின்னால் யாரோ கத்தரித்து ஒட்டிய பட்டாம்பூச்சி.

டெஸ்மண்ட் இறங்கி வந்தார்.
"பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கைகள்தான்.
கடைசி அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்,
கூரை ஒழுகுகிறதாம்."

நான் ஆல்பத்தை மூடிப் பெரிலிடம் கொடுத்தேன்.
தோட்டம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

ரோஜாப் பாதையில் சரளைக்கல் சக்கரத்தை விழுங்கியது.
ஒரு தோட்டக்காரப் பையன் பலகை போட்டுப் போட்டு
புல்வெளியின் விளிம்புக்கு எங்களைக் கொண்டு சேர்த்தான்.
எதிரே மான்கள்.
நடுவில் வேலியே இல்லாதது போல.
கிட்டே போனால்தான் பள்ளம், பள்ளத்துக்குள் சுவர்.
அதற்குப் பெயர் ஹா-ஹா. நிஜமாகவே அதுதான் பெயர்.
தடுப்பும் வேண்டும், அது கண்ணிலும் படக்கூடாது
என்பவர்களுக்காகத் தோண்டியது.
எனக்குத் தடுப்புகளெல்லாம்
அங்குலக் கணக்கில் கண்ணில் படும்.
சிரித்துவிட்டேன். பையன் பயந்துபோனான்.

அங்கே வைத்துத்தான் சொன்னேன்:
"பூட்டின அறைக்குள் நான் போய் வந்தேன்."

பிரேக்கைப் போட்டுவிட்டு அவர் புல்லில் உட்கார்ந்தார்.
"சொல்லு."

மூங்கிலைச் சொன்னேன். தலைகீழ்ப் பறவையைச் சொன்னேன்.
அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்,
நான் கேட்கும்போது மூடிக்கொள்வேனே, அதே மாதிரி.
அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே
ஜன்னலோரம் ஒரு மயிலையும் சேர்த்துவிட்டேன்.
படத்தில் மயில் கிடையாது.

அந்த மயில் தோகையை விரிக்கும்போதுதான்
எனக்கு அந்தத் திமிங்கிலம் நினைவுக்கு வந்தது.

கேட்கவில்லை.
நாலரைக்குத் தேநீர்க்கடை மூடிவிடுவார்கள்.
"அப்புறம்?" என்றார்.
"அப்புறம் இன்னொரு மயில்" என்றேன்.